படையலில் ஒரு கம்ப்யூட்டர்

போன வாரம் வாடிப்பட்டிக்கு ஒரு கருமாதிக்குப் போயிருந்தேன். என் நண்பன் சோலையின் தம்பி செல்வத்துக்கு. முப்பது வயதுகூட ஆகவில்லை, பாவி.

செத்தவர் ஆசைப்பட்டதையெல்லாம் படையலில் வைப்பது நம் பக்கத்து வழக்கம். வேட்டி, சட்டை, அதிரசம், சிகரெட் பாக்கெட் — ஏன், பிராந்தி பாட்டில்கூடப் பார்த்திருக்கிறேன். இங்கே வாழை இலைக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது! டி.வி. மாதிரி இருந்த அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம். வந்திருந்த பெண்கள் அழுவதை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செல்வம் கப்பலூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கிளார்க். அடுக்கி வைத்திருந்த இரும்புக் குழாய்கள் சரிந்து முதுகில் விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. படுத்த படுக்கை. ஆனால் கை இரண்டும் நன்றாக இருந்தன. கம்ப்யூட்டர் கோர்ஸும் ஏற்கெனவே படித்திருந்தான். வீட்டிலேயே ஒரு மெஷின் போட்டால் ஆட்களின் சம்பளக் கணக்கையெல்லாம் அவனிடமே தருவதாக முதலாளி சொல்லியனுப்பினார்.

சோலை தம்பி மேல் உயிரையே வைத்திருந்தவன். நிலத்தில் ஒரு துண்டை விற்றுவிட்டு மதுரைக்கு ஓடினான். கடையில் இருந்தது ஃப்ளாப்பி மட்டும் போடுகிற மாடல். சித்திரை கழியட்டும், உள்ளேயே ஹார்ட் டிஸ்க் வைத்தது வருகிறது என்றார் கடைக்காரர். சோலை திரும்பி வந்துவிட்டான். அது வந்ததும், தீபாவளிக்கு இன்னும் வேகமான சிப் வருகிறது என்றார்கள். இத்தனை நாள் பொறுத்தாயிற்று, இன்னும் கொஞ்சம்தானே... மறுபடியும் வெறுங்கையோடு பஸ் ஏறினான்.

கஞ்சத்தனம் என்றால் திட்டலாம். இவன் பாசத்தில் தள்ளிப்போட்டான். என்ன சொல்லித் திருத்துவது?

ஒரு நாள் நான் போயிருந்தபோது செல்வம் அண்ணனிடம் கெஞ்சியே கேட்டான்.

“இருக்கிறதே போதும்ணே. என் சோத்துக்கு நானே சம்பாதிச்சேன்னு இருக்கும்.”

“ஒனக்குப் போயி மட்டமானத வாங்குவனாடா? கொஞ்சம் பொறு” என்றான் சோலை.

செல்வம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

படுக்கைப் புண்ணுக்குத் தீபாவளியும் தெரியாது, சிப்பும் தெரியாது. சீழ் பிடித்து, ஜுரம் கண்டு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பிழைக்கவில்லை.

நாம் மட்டும் என்ன ஒழுங்கு? விருந்தாளி வரட்டும் என்று புது பெட்ஷீட்டை பீரோவில் பூட்டிவிட்டு, கிழிசலில் படுத்துத் தூங்குகிறவர்கள்தானே... இன்னும் நல்லது வரும் என்று எதையாவது ஒதுக்கி வைக்காத வீடு ஒன்று காட்டுங்கள். பொருள் காத்திருக்கும்; ஆள் காத்திருக்குமா?

கிளம்பும்போது சோலை பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தான். கம்ப்யூட்டரை முதல் நாள்தான் போய் வாங்கி வந்திருக்கிறான். பில் போடும்போது கடைக்காரர், தை மாதம் இதைவிட நல்லது வருகிறது, கொஞ்சம் பொறுக்கலாமே என்று அக்கறையாகச் சொன்னாராம்.

நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

“‘பொறுக்க முடியாதுண்ணே... நாளைக்குக் கருமாதி’ன்னேன், மாப்ள.”