ஓமந்தையில் இறங்காமல்

சனிக்கிழமை காலை ஆறு மணி. வவுனியாவில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாவுக்குப் பெற்றோல் அடித்தேன். தாங்கி கழுத்துவரை நிறைந்தது. இனிப் பெற்றோலைச் சாட்டுச் சொல்லித் திரும்ப முடியாது. நான் போகவேண்டிய நாயாறு ஏறக்குறைய நூறு கிலோமீற்றர். நாற்பத்தாறு வயதில் என் ஸ்கூட்டியில் தனியாக நான் போன ஆகத் தூரமான இடம் ஓமந்தை. அது பதினைந்து கிலோமீற்றர்கூட வராது.

இத்தனைக்கும் நான் ஸ்கூட்டி பழக்குகிறவள். பின்னேரங்களில் மைதானத்தில் பெண்களுக்கு வண்டி ஓடப் பழக்குவதுதான் என் தொழில். "பயத்தை விடுங்கோ, பிரேக்கை விடாதேங்கோ" என்பது முதல் பாடம். ஊருக்குத்தான் உபதேசம், எனக்கு ஓமந்தை.

சண்டைக் காலத்தில் அங்கே பெரிய சோதனைச் சாவடி இருந்தது. வாகனத்தை விட்டு இறங்கி, பையைத் தூக்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துதான் கடக்கவேண்டும். இளம் வயதில் எத்தனையோ தடவை அப்படி நடந்திருக்கிறேன். சாவடி எடுபட்டுக் கனகாலம். பஸ்களும் கார்களும் அதில் பறக்கின்றன. என் வண்டி மட்டும் அந்த இடத்தைக் கண்டதும் திரும்பிவிடும். கேட்டால் வெயில் என்பேன், தலையிடி என்பேன்.

இந்தமுறை சாட்டுச் சொல்ல விடாதவர் ரீற்றா அக்கா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மகளின் பிள்ளைப்பேற்றுக்கு வவுனியா வந்து நின்றபோது என்னிடம் ஸ்கூட்டி பழகியவர். நாயாற்றில் அவருடைய கணவர் இறால் பிடிக்கிறார். பிடிக்கிற இறாலைக் கரைக்கு வரும் வியாபாரி தான் சொன்ன விலைக்கு அள்ளிக்கொண்டு போவார். ரீற்றா அக்கா பழைய ஸ்கூட்டி ஒன்றை வாங்கி, தண்ணீரூற்றில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரரிடம், திங்கட்கிழமை முதல் இறாலைத் தானே கொண்டுவந்து தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டார். பிறகுதான் எனக்குக் கோல் எடுத்தார்.

"ரீச்சர், றோட்டிலை ஓடக் கைகால் நடுங்குது. ஒருக்கா வந்து பாருங்கோ."

"பஸ்ஸிலை வாறன் அக்கா."

"ஸ்கூட்டி பழக்கிற ஆள் பஸ்ஸிலையோ வாறது? நல்ல கதை!"

அந்தக் கதை எனக்குச் சுட்டுவிட்டது. புறப்படும்போது என் கணவர் வேறு, "ஓமந்தையிலை இருந்து கோல் எடு, வந்து ஏத்திக்கொண்டு வாறன்" என்று சிரித்தார். தலைக்கவசத்தைச் சற்றுப் பலமாகவே பூட்டினேன்.

ஆறரைக்கு ஓமந்தை. நான் திரும்பவில்லை. ஆனால் என்ன செய்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எஞ்சினை நிறுத்தினேன், இறங்கினேன், வெறும் தார்றோட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். பக்கத்தில் ஒரு சின்ன லொறி வந்து நின்றது. பசளை மூட்டைகளோடு ஒரு சாரதி.

"என்னக்கா, பெற்றோல் முடிஞ்சுதோ?"

"ஓம்" என்று சொல்லிவிட்டேன். வேறென்னத்தைச் சொல்வது?

மனிதர் போத்தலில் பெற்றோலோடு இறங்கிவந்து தாங்கி மூடியைத் திறந்தார்.

"இது முட்ட முட்டக் கிடக்கே!"

"இல்லைத் தம்பி... இதிலை இறங்கித்தானே நடக்கிறது" என்றேன்.

அவர் உடனே சிரிக்கவில்லை. றோட்டின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். "நானும் இதிலை வந்தா இண்டைக்கும் பொக்கற்றைத் தொட்டுப் பாப்பன் அக்கா, அடையாள அட்டை கிடக்கோ எண்டு. ஆனா லொறியை என்னெண்டு தள்ளுறது? அதாலைதான் நான் இறங்கிறேல்லை."

இருவரும் சிரித்தோம். அவர் போனபிறகு வண்டியில் ஏறினேன். ஓமந்தைக்கு அப்பால் றோட்டு வழமையான றோட்டாகத்தான் இருந்தது. இவ்வளவு காலமும் இதற்கா பயந்தேன் என்று என்மேலேயே கோபம் வந்தது.

புளியங்குளத்தில் வலப்பக்கம் திரும்பி நெடுங்கேணி வீதி. காலபோக அறுவடை முடிகிற நேரம். றோட்டின் பாதியில் நெல்லைக் காயவிட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் நானும் எதிரே வருகிறவர்களும் முறை வைத்துப் போனோம். ஓரிடத்தில் ஆவி பறக்க யானை லத்தி. அந்த இடத்தில் என் வாழ்நாளில் ஓடாத வேகத்தில் ஓடினேன். ஒட்டுசுட்டான் தாண்டித் தண்ணீரூற்றில் பிளேன்ரீ குடித்தேன், ஐம்பது ரூபா. எங்கே இருந்து வருகிறேன் என்று கேட்ட கடைக்கார அம்மாவிடம், "வவுனியா, ஸ்கூட்டியிலை" என்று தேவைக்கு அதிகமாகவே உரத்துச் சொன்னேன். முல்லைத்தீவு, அளம்பில், செம்மலை என்று கடல் இடப்பக்கம் கூடவே வர, பத்தரைக்கு நாயாற்றுப் பாலத்தைக் கடந்தேன். ரீற்றா அக்கா வீட்டு வாசலில் நின்றார்.

"உண்மையா ஸ்கூட்டியிலைதான் வந்தனீங்களோ?"

"ஓம். இடையிலை கொஞ்சம் நடந்தும் வந்தனான்."

பின்னேரம் அவரை ஓடவிட்டுப் பார்த்தேன். குறை சொல்ல இடமில்லாத ஓட்டம். ஆனால் பாலத்தடி வந்ததும் எஞ்சினை நிறுத்தி இறங்கிவிட்டார்.

"பாலத்தை நான் தள்ளிக்கொண்டுதான் போறனான்" என்றார்.

"கடல்கரை ஆளுக்குத் தண்ணிப் பயமோ?"

"தண்ணிக்கென்ன பயம்? எனக்கு நீந்தத் தெரியும். வண்டிக்குத் தெரியாதே!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் நான் எப்படி இருந்திருப்பேன் என்று அப்போதுதான் கண்டேன். ஓமந்தைக் கதையை ஒளிக்காமல் சொன்னேன். லொறிக்காரர் சொன்னதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "திங்கள் இறாலும் ஐசுமாய் ஒரு பெட்டி பின்னுக்கு இருக்கும் அக்கா. அதோடை என்னெண்டு தள்ளுவியள்?" என்று கேட்டேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். சிலுவை போட்டுக்கொண்டு ஏறினார். நான் பின்னால் இருந்தேன். பாலத்தின் நடுவில் எதிரே ஒரு பஸ். அவருடைய தோள் இறுகியது. "பிரேக்கை..." என்று தொடங்கியவள் வாயை மூடிக்கொண்டேன். பஸ் எங்களை உரசுகிற மாதிரிப் போனது, வண்டி ஆடவில்லை. மறுகரையில் நிறுத்துவார் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை.

"நிப்பாட்டினாத் திரும்ப எடுக்கப் பயம் வந்திடும். பேசாமல் இருங்கோ ரீச்சர்!" என்று கத்தினார். செம்மலை வரைக்கும் பேசாமல்தான் இருந்தேன்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு பாலத்தில் போவதும் வருவதுமாக நின்றார். எத்தனை தரம் என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன்.

திங்கள் விடிய இருவரும் புறப்பட்டோம். முன்னால் பெட்டியோடு ரீற்றா அக்கா, பின்னால் என் ஸ்கூட்டியில் நான். பாலத்தில் அவர் இறங்கவில்லை. தண்ணீரூற்றில் சாப்பாட்டுக் கடைக்காரர் பெட்டியைத் திறந்து ஒரு இறாலை எடுத்து மணந்து பார்த்தார். "நாளைக்கும் இப்பிடியே கொண்டுவாங்கோ" என்றார். ரீற்றா அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. அழுகிறார் என்று தெரிந்தது. "போட்டு வாறன் அக்கா" என்றேன். "அடுத்தமுறை நான் வவுனியா வாறன், இதிலை" என்று ஸ்கூட்டியைத் தட்டிக்காட்டினார்.

வந்த வழியே திரும்பினேன். வழியில் ஓமந்தை வந்தது. இடது கை, என்னைக் கேட்காமலே, தோளில் தொங்கிய பையைத் தடவி அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டேன். வலது கை வேகத்தைக் குறைக்கவில்லை.