பாதுகாப்பு வலயம்

மகள் பாதி இங்கிலீஷில் சொல்வதைத் தகப்பனுக்கு எடுத்துச் சொல்வது எங்கள் வீட்டில் என் வேலை. அவளுக்கு உத்தியோகம் கிடைத்த அன்றும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவின் வடக்கு உச்சியில் மனிதர் குடியில்லாத பெருங்காடு, சதுப்பு, முதலை. அதைக் காக்கிற ரேஞ்சர் வேலை. "புரொட்டெக்டட் ஏரியா, அப்பா" என்றாள். கணவர் என்னைப் பார்த்தார். நான் தோசையைப் பிரட்டியபடி, "வடக்கில ஒரு பாதுகாப்பு வலயமாம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் நாக்கு செய்த வேலை எனக்கே விளங்கியது. அவர் குசினிக் கதிரையை விட்டு எழும்பி வெளியே போய்விட்டார்.

கைக்குழந்தையோடு நான் முதலே சிட்னிக்கு வந்துவிட்டேன். தங்கச்சியை விட்டு வரமாட்டேன் என்று அவர் வன்னியில் நின்றார். யுத்தத்தின் கடைசியில், பாதுகாப்பு வலயத்துக்குப் போங்கள், அங்கே செல்குண்டு விழாது என்று ஆமிக்காரர் சொன்னார்கள். அண்ணனும் தங்கச்சியும் போனார்கள். அங்கேதான் விழுந்தது. சிட்னியில் எங்கள் செவன் ஹில்ஸ் வீட்டுக்கு அவர் மட்டும் வந்து சேர்ந்தார்.

"அது காடு மனுசா, மரத்தையும் மிருகத்தையும்தான் பாதுகாக்கிறாங்கள்" என்று தலைகீழாக நின்று பார்த்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஏசியும் பார்த்தேன். பிள்ளையின் சந்தோசத்தில் மண் விழுகிறதே என்று எனக்கு ஆத்திரம். பெட்டியோடு வாசலில் நின்று, "போட்டு வாறன், அப்பா" என்றாள். அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஃபோனுக்கும் வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவள் முதலில் கேட்பது, "இண்டைக்காவது அப்பா கதைப்பாரோ?" என்றுதான். அவர் பைப்பைத் திறந்துவிட்டு, கழுவின கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டிருப்பார்.

வேலையைக் கண்ணால் கண்டால் அப்பாவின் பயம் போய்விடும் என்று அவள் நினைத்தாள். ஒரு ஞாயிறு வீடியோவில் எடுத்தாள். நான் அவரைப் பிடித்திழுத்துக் கதிரையில் இருத்தினேன். திரையில் ஒரு ஹெலி காட்டுக்கு மேலே தாழப் பறந்தது. அதிலிருந்து சின்னச் சின்ன உருண்டைகள் விழுந்தன. விழுந்த இடமெல்லாம் புல் பற்றிப் புகைந்தது.

"பயப்பிடாதேங்கோ, அப்பா. இப்ப கொஞ்சம் எரிச்சு விட்டாத்தான் பிறகு பெரிய நெருப்பு வராது. காட்டைக் காப்பாத்தத்தான்" என்றாள் பெருமையாக.

ஃபோனைப் பறிக்கக் கை நீட்டினேன். அவர் விடவில்லை.

"நீ நிக்கிற இடம் மணலோ, களிமண்ணோ?" என்று கேட்டார்.

அப்பா கதைத்துவிட்டார் என்று அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "மணல், அப்பா."

"அப்ப பங்கர் இடியும். நெஞ்சளவுக்கு வெட்டு. சுத்திவர மண் மூட்டை அடுக்கு. சாக்கு இல்லாட்டிச் சீலையைத் தைச்சு நிரப்பு."

"பங்கரோ? அம்மா, என்ன சொல்றார்?"

எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லுகிற நான் அன்று, "கவனமா இருக்கட்டாம்" என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.

அறைக்குள் போனபோது அவர் என் அலுமாரியைத் திறந்து சீலைகளைக் கட்டிலில் அடுக்கிக்கொண்டிருந்தார். என் கூறைச்சீலையும் அதில் இருந்தது. அதையாவது விடுங்கோ என்று கையைப் பிடித்தேன்.

"எல்லாத்தையும் அனுப்புவம்" என்றார். "அண்டைக்கு ஒரு சீலைதான் குறைஞ்சு போச்சு."