துலிப் தலைகளை வெட்டிய பிறகு போன படகு

மாலினியும் நானும் ஏப்ரல் நடுப்பகுதியில் ஒல்லாந்து போவதாக இருந்தது. மார்ச் கடைசியில் அவள், என் மனைவி, இறந்துபோனாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை எங்கும் போவதில்லை என்று இருந்துவிட்டு, மே முதல் வாரம் ரொறன்ரோவில் தனியாக விமானம் ஏறினேன். கிரியைக்கு நாள் பார்த்த நான் பூக்கும் காலத்தைப் பார்க்கவில்லை.

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு பலசரக்குக் கடையின் பூப்பகுதியில் பதினொரு வருடம் வேலை செய்தவள் மாலினி. விற்காமல் எறியப் போகும் பூக்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, தேநீர்க் கோப்பை தொடக்கம் ஊறுகாய்ப் போத்தல் வரை நிரப்பிவிடுவாள். "வீடோ, குப்பைமேடோ?" என்று கத்தியிருக்கிறேன். துலிப் வளரும் வயலைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவள் கேட்ட ஒரே பயணம். அங்கே அவளுக்காக ஒரு பூவாவது தண்ணீரில் விட வேண்டும் என்று போனேன்.

அம்ஸ்டர்டாம் விமான நிலையத்திலிருந்து துலிப் வயல்கள் சூழ்ந்த லிசே ஊர் 17 கிலோமீற்றர். ஒல்லாந்திலேயே இருக்கும் மாலினியின் தம்பி சுதன் காரில் கூட்டிப்போனான். வயல்களைச் சுற்றிக்காட்டும் படகு காலை பத்தரைக்கு. ஒன்றேகால் மணி நேரம், ஆளுக்கு 22 யூரோ. ஒடுங்கிய வாய்க்காலில் நடக்கிற வேகத்தில்தான் போகும். பாலங்கள் தாழ்வானவை, குனிய மறக்காதீர்கள்; நான் தலையில் வாங்கினேன். இரண்டு பக்கமும் பச்சை இலைதான். ஒரு பூ இல்லை.

"போன வாரம் தலைகளை வெட்டிவிட்டார்கள்," என்றார் படகோட்டி ஆங்கிலத்தில். "இங்கே பயிரிடுவது கிழங்குக்காக. பூவை விட்டுவைத்தால் கிழங்கு பெருக்காது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளை ஏமாற்றிவிட்டதாகவே பட்டது. சுதன் அவரிடம் விஷயத்தைச் சொன்னான். அவர் படகை வயலோரம் ஒதுக்கினார். வெட்டிய பூத்தலைகள் அங்கே முழங்காலளவு குவிந்து, அரைவாசி வாடிக் கிடந்தன. "எடுங்கள், எறிகிறவைதான்," என்றார்.

இறங்கி இரண்டு கையாலும் அள்ளினேன். சுதன் தயங்கினான்.

"அத்தான், நிலத்திலை கிடந்த பூவெல்லோ. அக்காவுக்கு உதுகளை வைக்கலாமோ?"

"சாமிக்குத்தான் வைக்கேலாது. கொக்கா உப்பிடிப் பூவைத்தானேயடா வீட்டை கொண்டு வாறவ."

அவனும் இறங்கி அள்ளினான். திரும்பும் வழியெல்லாம் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டோம்.

நீங்கள் போவதென்றால் ஏப்ரல் நடுப்பகுதிக்குள் போங்கள். படகுக்கு முன்பதிவு செய்யுங்கள், காற்றுக்குத் தடித்த ஜக்கெற் வேண்டும். யாரோடு போக நினைக்கிறீர்களோ, அவர் இருக்கும்போதே போங்கள்.

ஒரு பூவை மட்டும் சுதன் வீட்டில் தேநீர்க் கோப்பையில் மிதக்கவிட்டேன். மூன்று நாள் நின்றது. மாலினி கொண்டுவந்த பூக்களுக்கு நான் ஒருநாளும் தண்ணீர் மாற்றியதில்லை. இதற்கு மாற்றினேன்.