எல்லாரும் பிழைத்த மாடல்

1. முதல் ரன்

நாகர்கோவிலில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டராகச் சேர்ந்த மூன்றாம் நாள், என் கையில் ஒரு ஊரைக் கொடுத்தார்கள். இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரை ஊர், கம்ப்யூட்டருக்குள் இருந்தது. சுனாமி வந்துபோய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மறுபடி கடல் ஏறினால் ஜனங்கள் மேட்டிலுள்ள பாதுகாப்பு மையத்துக்கு எப்படிப் போய்ச் சேர்வார்கள் என்று காட்டும் ஏஜென்ட் சிமுலேஷன் அது. திரையில் ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி. சைரன் அடித்ததும் புள்ளிகள் ஓட வேண்டும்.

ஓடின. எட்டே நிமிடத்தில் ஊர் முழுக்க மேடேறிவிட்டது. எம்.டி. கைதட்டினார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரே ஒரு புள்ளியைப் பிடித்து, அது போன பாதையை வரைய வைத்தேன். அது ஒரு வீட்டுக்குள் புகுந்து பின்சுவர் வழியே வெளியேறி, கால்வாய்த் தண்ணீர் மேல் நடந்து போயிருந்தது. தண்ணீர் மேல் நடந்தவரைப் பற்றி அந்த ஊர்க்காரர்கள் சர்ச்சில் கேட்டிருப்பார்கள். எங்கள் மாடலில் ஊரே நடந்தது.

“சார், ஆளுவ சுவத்துக்குள்ள போறாவ.”

“எல்லாரும் போய்ச் சேருறாவல்லா? பொறவு என்ன?”

புரோகிராமரிடம் சொல்லிச் சுவரைச் சுவராகவும் கால்வாயைக் கால்வாயாகவும் ஆக்கினோம். இப்போது பதினைந்து நிமிடம் ஆனது. ஆனாலும் எல்லாரும் பிழைத்தார்கள். எழுதிய விதிப்படி கோட் ஓடுகிறது, சரி. விதியை எழுதியது யார்? ஏ.சி. அறையில் உட்கார்ந்து எம்.டி. எழுதியது.

2. லூர்தம்மாள்

லேப்டாப்போடு அந்த ஊருக்குப் போனேன். மீன் விற்றுவிட்டு வந்த லூர்தம்மாள் அக்கா குனிந்து பார்த்தார்.

“இதுல நான் எங்க நிக்கேன்?”

ஒரு புள்ளியைக் காட்டினேன்.

“மேட்டுக்கு ஓடுறா. இவளுக்குப் பிள்ளை கெடையாதா?”

அந்தப் புள்ளிக்கான விதிகளைத் திறந்து தேடினேன். பிள்ளை என்று ஒரு வரிகூட இல்லை.

“எனக்க ரெண்டு பிள்ளையளும் பள்ளிக்கூடத்துல இருக்கும்போ, நான் எங்க மக்கா மேட்டுக்கு ஓடுவேன்?”

பள்ளிக்கூடம் கடலை ஒட்டி இருந்தது.

“சுனாமி வந்த அண்ணைக்கு ஞாயித்துக்கெழம. பள்ளிக்கூடம் இல்ல...” என்றவர் கூடையை எடுத்துக்கொண்டார்.

3. சிவந்த சந்து

தாய்மார் முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள் என்று விதியை மாற்றி ஓட்டினோம். உள்ளே ஓடியவர்களும் பிள்ளைகளோடு வெளியே வந்தவர்களும் பள்ளிக்கூட வாசல் சந்தில் முட்டிக்கொண்டார்கள். அலை வருமுன் வெளியேறாத புள்ளி சிவப்பாகும். சந்து முழுக்கச் சிவந்தது. தற்செயலாக இருக்குமோ என்று தொடக்க நிலைகளை மாற்றி மாற்றி ஓட்டினேன். ஒவ்வொரு முறையும் அதே சந்து.

எம்.டி.க்கு வேறு கவலை. “செத்த ஆளுவளக் கொண்டு காட்டுனா அடுத்த ப்ராஜெக்ட் எவன் தருவான்? பிள்ளே, ரிப்போர்ட்டுல பாஸ்னு போடு.”

“போட்டா, அடியில எனக்க கையெழுத்துல்லா இருக்கும் சார்.”

கோபத்தில் பழைய மாடலையே, ப்ராஜெக்ட் தந்த அரசு அதிகாரிக்குக் காட்டும் டெமோவுக்கு எடுத்துக்கொண்டார். டெஸ்ட் ரிப்போர்ட்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அட்டையைத் தாண்டி அவர் எதையும் படித்ததில்லை. இரண்டாம் பக்கத்தில் ‘ஃபெயில்’ என்று எழுதி, சிவந்த சந்தின் படத்தை ஒட்டினேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் செய்தேன்.

திரையில் எல்லாரும் பிழைத்துக்கொண்டிருந்தபோது, வந்திருந்த அதிகாரி இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார்.

“இது என்ன?”

எம்.டி. ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு கண்ணிமைக்காமல், “அதுதான் சார் எங்க கண்டுபிடிப்பே!” என்றார்.

பள்ளிக்கூடத்துக்கு வடக்கே, மேட்டுப் பக்கம், இன்னொரு வாசல் திறந்தார்கள். எம்.டி.யின் படம் பேப்பரில் வந்தது. என் பெயர் எங்கும் வரவில்லை. வேலை போகவில்லை, அது போதும்.

ஊரில் சுனாமி ஒத்திகை நடந்த நாளன்று, நேராக மேட்டுக்குப் போகச் சொல்லி மைக்கில் கத்திக்கொண்டே இருந்தார்கள். லூர்தம்மாள் அக்கா பள்ளிக்கூடத்துக்குத்தான் ஓடினார். இரண்டு பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு வடக்கு வாசல் வழியே மேடேறினார்.

டெஸ்டிங்குக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான்: கோட் சரியா என்று பார்ப்பது பாதி வேலை. மீதியை, அந்தப் புள்ளி யாரோ அவரிடமே போய்க் கேளுங்கள். அவர் சொல்வது மாடலுக்குப் பொருந்தவில்லை என்றால், ஃபெயில் ஆனது அவரல்ல.