இரண்டு விநாடி

சாஆ என்ற ஊரிலிருந்து பத்து பாகாட் நகருக்குப் போகும் தொழிற்சாலை பஸ்ஸில் வாசுகியின் இடம் ஓட்டுநருக்கு நேர் பின்னால். ஓட்டுநர் அவள் கணவன் கமலநாதன். விடியற்காலை ஐந்து மணிக்கு ஆட்களை ஏற்றுவான். இரவு எட்டரைக்குத்தான் திரும்பக் கொண்டுவந்து விடுவான். நடுவில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஓட்டம் வேறு. மற்றவர்கள் ஏறியதும் உறங்கிவிடுவார்கள். அவன் தலை சாய்கிறதா என்று பார்த்தபடியே வருவாள் வாசுகி. பிறகு பன்னிரண்டு மணி நேரம் சர்க்கிட் பலகைகளில் ஈயம் பற்றவைக்கும் வேலை.

தீபாவளிக்கு மறுவாரம், அவள் கூப்பிடுவதற்குள் பஸ் சாலையை விட்டு இறங்கி, செம்பனைத் தோட்டத்து ஓரப் புல்லில் போய் நின்றது. யாருக்கும் அடியில்லை.

"டயர் வழுக்கிடுச்சு," என்றான் கமலநாதன்.

அதன்பின் ஞாயிறுகளில் வாசுகி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். சிறு கேமரா, உள்ளங்கையளவு சர்க்கிட் பலகை ஒன்று, ஒலியெழுப்ப ஒரு பஸ்ஸர். கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பார்த்து, ஓட்டுபவன் கண் மூடினால் கத்தும்படி அமைத்து, ஸ்டீயரிங்குக்கு எதிரே பொருத்தினாள். அது அவன் சிரித்தாலே கத்தியது. பகலில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாலும் கத்தியது.

"அலமாக், எடுத்துடு வாசு. என் கண்ணே சின்னதுலா," என்று அலுத்துக்கொண்டான்.

இரண்டு விநாடி மூடியிருந்தால் மட்டும் என்று மாற்றினாள். விடியுமுன் முகம் தெரியவில்லை. இருட்டிலும் பார்க்கும் கேமரா வாங்கினாள். நான்கு மாதம் ஓடிவிட்டது.

மார்ச்சில் ஒரு நாள், வழியிலுள்ள யோங் பெங் ஊரைத் தாண்டுவதற்குள் கருவி மூன்று முறை கத்தியது.

"நிறுத்துங்க," என்றாள் வாசுகி.

"லேட்டாயிடும்."

"நிறுத்துங்கன்னா நிறுத்துங்க."

பெட்ரோல் ஸ்டேஷனில் நிறுத்தி, ஸ்டீயரிங்கில் தலை வைத்தவன் அப்படியே உறங்கிப்போனான்.

"லேட்டு போட்டுருவாங்க, வாசுகி," என்றாள் பின்னிருக்கைக் காளியம்மா.

"தெரியும்க்கா. எனக்கும்தான்."

இருபது நிமிடம் யாரும் அவனை எழுப்பவில்லை. பஸ்ஸில் வந்த பத்தொன்பது பேருக்கும் அன்று தாமதம் எழுதப்பட்டது.

மறுநாள் பஸ் முதலாளியிடம் வாசுகியே போனாள். கருவி பதிந்துவைத்திருந்த, அது கத்திய நேரங்களையெல்லாம் கைப்பேசியில் காட்டினாள். அவர் விரலால் தள்ளிக்கொண்டே போனார்.

"இத்தன தடவையா?"

"இது இந்த வாரம் மட்டும், முதலாளி."

பள்ளி ஓட்டத்தை அவர் வேறு ஆளுக்குக் கொடுத்தார். கமலநாதன் இப்போது மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்குகிறான். கருவி வாரத்துக்கு ஒரு தடவை கத்தினால் அதிகம். ஆனாலும் வாசுகிக்குப் பழக்கம் விடவில்லை. யோங் பெங் வரை விழித்தே இருக்கிறாள். அதற்குப் பிறகு, சில நாட்களில், அவளை அறியாமலே தலை ஜன்னலில் சாய்ந்துவிடுகிறது.