புழுவுக்கு வூட்டை விட்ட சித்திரை

வெயில் எங்க கம்மியா இருக்குன்னு தேடுற கிறுக்கு எனக்குப் புடிச்சது போன சித்திரையில. பட்டுப்புழு ஷெட்டுல தொங்கின தெர்மாமீட்டரைக் கழட்டிக்கிட்டு, ஏரியூர்ப் பக்கம் இருக்கிற எங்க காடு பூராச் சுத்தினேன். மாட்டுக்கொட்டாய், மோட்டார் ரூம், ஒரு இடம் விடல. வத்திப்போன கிணத்துப் படி குளுகுளுன்னு இருந்துச்சு. ஆனா கிணத்துக்குள்ள புழு வளக்க முடியுமா? "மாட்டுக்குக் காய்ச்சலா பாக்குற?"ன்னு என் வூட்டுக்காரரு நக்கல் அடிச்சாரு.

அந்த நக்கலுக்குள்ள வருத்தம் இருந்துச்சு. முன்னாடி ஷெட்டுக்கு ஓலைக் கூரைதான். ஊரே தகர ஷீட்டு போடுதேன்னு நாங்களும் போட்டோம். வெயிலோ வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கிட்டே போகுது. ஈரச் சாக்கு கட்டலாம்னா போர்ல தண்ணிக்குப் பதிலா காத்துதான் வருது. முந்தின ரெண்டு தடவையும் கூடு கட்டாமலே புழு செத்துப்போச்சு. "இந்தத் தடவையும் போச்சுன்னா மல்பெரியைப் புடுங்கிட்டு பெங்களூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போயிடறேன்"னாரு. சொன்னதோட இல்லாம பையில துணியை மடிச்சு வெச்சு, வூட்டுச் சுவத்து ஆணியில மாட்டியும் வெச்சுட்டாரு.

கடைசியில பாத்தா, குளுமையான இடம் நாங்க படுக்கிற ஓட்டு வூடேதான்! மண்சுவரு, மேல புளியமரம் கவிஞ்சு நிக்குது. அடக் கடவுளே, புழுவை வேக வெச்சுட்டு நாம சுகமாத் தூங்கினோமான்னு ஆயிடுச்சு. "ஏங்க, புழுவை இங்க விட்டுட்டு நாம ஷெட்டுக்குப் போயிடலாங்க"ன்னேன். என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. ஆனாலும் புழுத்தட்டுங்களைத் தூக்கிட்டு வந்தாரு.

அப்புறம் அது எங்க வூடே இல்ல. கொசுவத்தி கூடாது, பவுடர் கூடாது, தாளிப்புப் புகை கூடாது. வேப்பமரத்தடியிலதான் சோறாக்கினேன். மொத நாள் மத்தியானம் ஷீட்டுக்கடியில கண்ணயரப் போனவரு, வேர்த்து விறுவிறுத்து எந்திரிச்சு உக்காந்தாரு. "பாவம்டி அதுங்க"ன்னாரு.

கொஞ்சம் புழு செத்துச்சுதான். மிச்சம் இருந்தது தின்னுச்சு, தின்னுச்சு, அப்படித் தின்னுச்சு! உடம்பு மஞ்சளாகிக் கூடு கட்டுற பருவம் வந்ததும் எல்லாத்தையும் பொறுக்கி வலைத்தட்டுல விட்டோம். எல்லாத்தையும் பொறுக்கிட்டோம்னுதான் நெனச்சோம்.

கூடு எடுக்கிற அன்னிக்கு, மாத்துச் சட்டைக்காக அந்தப் பையைத் தொறந்தவரு, "ஏ புள்ள, இங்க வந்து பாரேன்"னு கூப்பிட்டாரு. எங்க கைக்குத் தப்பின புழுவெல்லாம் சட்டை மடிப்புக்குள்ள பூந்து கூடு கட்டியிருந்துச்சு. எப்படித்தான் ஏறுச்சோ! சட்டையை உதறாம, ஒவ்வொரு கூடா நோகாமப் பிச்சு என் மடியில போட்டாரு. நூல் ஒட்டின அந்தச் சட்டையையே போட்டுக்கிட்டு, மிச்சத் துணியை எடுத்துக் கொடியில போட்டாரு. காலிப் பை ஆணிக்குப் போச்சு.

"எதுக்கும் உன் தெர்மாமீட்டரை இந்தப் பைக்குள்ள வெச்சுப் பாரு, எவ்வளவு காட்டுதுன்னு"ன்னாரு.