ஜெயித்தவர் எஞ்சினை விற்க வேண்டும்

தொண்ணூறுகளின் நடுவில் நான் மண் தடத்தில் பைக் பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்தேன். வாரத்தில் ஆறு நாள் தொழிற்சாலையில் லேத் மெஷின், ஞாயிற்றுக்கிழமை பந்தயம். எங்கள் அணியில் மூன்றே பேர். ஓட்டுபவன் நான். எஞ்சினைப் பார்த்துக்கொண்டவர் அக்கா வீட்டுக்காரர், என் மாமா. அல்சூரில் சின்னதாக ஒரு டூவீலர் ஷெட் வைத்திருந்தார். மூன்றாவது ஆள் அக்கா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தடத்தோரம் ஸ்டாப்வாட்சோடு நின்று, எந்தத் திருப்பத்தில் நான் பயந்து கையைத் தளர்த்தினேன் என்பதைக்கூடச் சரியாகச் சொல்லிவிடுவாள்.

பந்தயம் நடந்தது சந்தாபுரா பக்கம் ஒரு செம்மண் பூமியில். எங்களைப் போன்றவர்கள் ஷெட்டில் சேர்த்துக் கட்டிய பைக்கோடு வருவோம். ஒரே ஒரு பெரிய அணி மட்டும் லாரியில் வரும். ஓட்டுபவருக்கு இரண்டு பைக், வெளிநாட்டு பிஸ்டன், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புது டயர். அவர்கள் ஓட்டுநர் நல்ல ஓட்டுநர்தான். ஆனாலும் முதல் திருப்பத்திலேயே முடிவு தெரிந்துவிடும். இரண்டு வருடத்தில் சின்ன அணிகள் ஒவ்வொன்றாக நின்றுபோய், கடைசியில் ஆறு பைக்தான் மிஞ்சியது.

ஆறு பைக்கை வைத்துப் பந்தயம் நடத்த முடியாது என்று, நடத்திய சங்கத்தின் செயலாளர் எல்லாரையும் கூட்டிப் பேசினார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற கன்னடக்காரர். பெரிய அணிக்கு மேனேஜராக இருந்தவர் கோயமுத்தூர்ப் பக்கத்து மனிதர். முழுக்கை சட்டையை மடிக்காமல் பட்டன் போட்டிருப்பார், அதிகம் பேசமாட்டார். செலவுக்கு வரம்பு வைக்க வேண்டும் என்று ஒருவர் சொல்ல, யார் எவ்வளவு செலவு செய்தார் என்று யார் பார்ப்பது என்று இன்னொருவர் கேட்க, பேச்சு அங்கேயே சுற்றியது.

அப்போது அக்கா எழுந்தாள். செலவை யாரும் பார்க்கத் தேவையில்லை, ஒரே ஒரு விதி போதும் என்றாள். ஜெயித்தவரின் எஞ்சினை, அன்று ஓடிய யார் வேண்டுமானாலும் விலைக்குக் கேட்கலாம். விலையை முன்கூட்டியே எல்லாருக்கும் ஒன்றாக வைத்துவிட வேண்டும். கொடுக்க மறுத்தால் வெற்றி கிடையாது. எஞ்சினில் ஒருவர் கொட்டிய காசு இன்னொருவருக்குப் போய்விடும் என்றால், யாரும் கொட்டமாட்டார்கள்.

எல்லாரும் மேனேஜரைப் பார்த்தார்கள். "சரியாத்தான் இருக்குதுங்க. நாங்க ஒத்துக்கறோம்" என்றார். செயலாளர் கன்னடத்தில் "ஆய்த்து" என்று சொல்லி, விதியை எழுதிக்கொண்டார்.

அடுத்த பந்தயத்துக்கே பெரிய அணிக்காரர்கள் சாதாரண எஞ்சினோடு வந்தார்கள். நின்றுபோன இரண்டு அணிகள் திரும்பி வந்தன. முதல் திருப்பத்துக்குப் பிறகும் யார் ஜெயிப்பார் என்று தெரியாத பந்தயங்களை அப்போதுதான் ஓட ஆரம்பித்தேன்.

அந்த வருட மழைக்காலம் முழுக்க மாமா ஒரு சிலிண்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே காற்றும் புகையும் போகும் வழிகளைச் சின்ன அரத்தால் மெல்ல மெல்லத் தேய்த்து வழவழப்பாக்கினார். அது விதிக்கு உட்பட்டதுதான். பிஸ்டன் அளவை மாற்றத்தான் கூடாது, கைவேலைக்குத் தடை கிடையாது. மழை விட்ட பிறகு நடந்த முதல் பந்தயத்தில், தடம் இன்னும் ஈரமாக இருக்கும்போது, நான் ஜெயித்தேன். கோட்டைத் தாண்டிய பிறகும் நம்பிக்கை வராமல் இன்னொரு சுற்று ஓட்டினேன்.

வண்டியை நிறுத்துவதற்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்துவிட்டது. ஷெட் வைத்திருக்கிறவனுக்கு இது எப்படி முடியும், பெரிய பிஸ்டன் போட்டிருப்பான் என்று இரண்டு சின்ன அணிக்காரர்கள் எங்கள் காதுபடவே சொன்னார்கள். நான் பதில் சொல்லப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் மேனேஜர் செயலாளரின் மேசைக்குப் போய், எங்கள் எஞ்சினை விலைக்குக் கேட்கிறேன் என்றார்.

மாமாவின் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. "வெற்றியே வேணாம், எஞ்சின் போதும். வண்டிய ஏத்து" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். அவர்களால் நூறு எஞ்சின் வாங்க முடியும், எங்களுடையதுதானா கிடைத்தது?

அக்காதான் அசையவில்லை. "ஏங்க, அவங்க எஞ்சின் போவும்னு தெரிஞ்சேதான் அவரு அன்னிக்கு சரின்னு சொன்னாரு. நம்மளுது போறப்ப மட்டும் நாம மாட்டேன்னு சொல்லலாமா?" என்றாள்.

மாமா ஸ்பானரை எடுத்து வந்து, எஞ்சினைத் தானே கழற்றி, துணியால் துடைத்துக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தார்.

மேனேஜர் அதை லாரியில் ஏற்றவில்லை. அங்கேயே திறக்கச் சொன்னார். எதற்கு இங்கே என்று செயலாளர் கேட்டார். "காசு குடுத்தாச்சு, இப்ப இது என்ற பொருளுங்க. எங்க வேணாலும் திறப்பேன்" என்றார். திறந்ததும், முணுமுணுத்த இரண்டு பேரையும் கூப்பிட்டு வெர்னியரை அவர்கள் கையில் கொடுத்து அளக்கச் சொன்னார். பிஸ்டன் கம்பெனி அளவில்தான் இருந்தது. அவர்கள் தலையாட்டிவிட்டு நகர்ந்துபோனார்கள். பிறகு அவர் சிலிண்டரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார்.

"எத்தனை நாளுங்க தேய்ச்சீங்க?"

"மழை பூரா, சார்" என்றார் மாமா.

திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று அந்தக் கணத்தில் நான் நினைத்தேன். கொடுக்கவில்லை. ஆட்களை விட்டு மறுபடி சேர்த்துப் பூட்டி, லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

மேனேஜர்மேல் எனக்குப் பல மாதங்கள் கோபம் இருந்தது. அதற்குள் மாமா வேறொரு பழைய எஞ்சின் வாங்கி, மறுபடி அரத்தை எடுத்துவிட்டார். எங்கள் எஞ்சினைப் போட்டு ஓடிய அவர்கள் ஓட்டுநர் அதில் ஒன்றும் பெரிதாக ஜெயித்துவிடவில்லை. மாமா மாதிரி கார்புரேட்டரை அன்றன்றைய வெயிலுக்கு ஏற்ப மாற்றிவைக்க அங்கே ஆள் இல்லை. அடுத்த பருவத்தில் பதினான்கு பைக் வந்தது. எங்களைச் சந்தேகப்பட்டவர்களே தங்கள் சிலிண்டர்களை மாமாவிடம் கொண்டுவந்தார்கள். அவரும் மனதில் வைத்துக்கொள்ளாமல் செய்து கொடுத்தார். நான் அதன் பிறகு இரண்டு முறை இரண்டாவதாக வந்தேன், முதலாவதாக வரவே இல்லை.

கடைசியாக ஓட்டிய வருடம் ஒருநாள், தடத்தோரத்து டீக்கடையில் மேனேஜரைத் தனியாகப் பார்த்தேன். அன்றைக்கு எங்கள் எஞ்சினை ஏன் கேட்டீர்கள் என்று கேட்டேவிட்டேன்.

அவர் டீயைக் குடித்து முடித்தார். "வாய்ப் பேச்சை வாயால நிறுத்த முடியாதுங்க. திறந்து காட்டினாத்தான் அடங்கும். அது ஒண்ணு." டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னொண்ணு, எனக்கு அந்த எஞ்சின் நெசமாலுமே வேண்டியிருந்துச்சுங்க."

முதல் காரணத்துக்கு அங்கேயே நன்றி சொன்னேன். ஆனால் இத்தனை வருடம் கழித்து யோசிக்கும்போது, இரண்டாவதற்குத்தான் அவருக்கு அதிகம் கடமைப்பட்டிருக்கிறேன் என்று தோன்றுகிறது. இரக்கப்பட்டு அன்று எஞ்சினைத் திருப்பிக் கொடுத்திருந்தால், பெரியவர்கள் விட்டுக்கொடுத்து ஓட வைத்த அணியாகத்தான் நாங்கள் இருந்திருப்போம். அவர் எங்களைப் போட்டியாளர்களாக மதித்தார். பணத்தால் எங்களை முந்த முடிந்த காலத்தில் அக்காவின் விதிக்குச் சரி என்று சொன்னவரும் அவர்தான்.

டீக்கடையில் அவரைப் பார்த்த அன்று மாலையே ஷெட்டுக்குப் போய் மாமாவிடம் அவர் சொன்னதைச் சொன்னேன். எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து, மேனேஜர் சரியாக என்ன வார்த்தை சொன்னார் என்று கேட்டார். மறுபடி சொன்னேன். அக்காவைக் கூப்பிட்டு, அவளிடமும் என்னையே சொல்லச் சொன்னார்.